அடிக்கடி அறுந்து போகும் இன்டர்நெட்: குறை எங்கே இருக்கிறது?

புதிய லேப்டாப் வாங்கியாகிவிட்டது. வீட்டிற்கு பைபர் இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. ஆனால் பத்து நிமிடம் வேலை பார்த்தால் இணைப்பு போய்விடுகிறது. சிறிது நேரத்தில் தானே வந்துவிடுகிறது. மறுபடியும் போகிறது. புதிதாக லேப்டாப் வாங்கிய பலர் என்னிடம் சொல்லும் குறை இதுதான். சிலர் லேப்டாப் விற்ற கடைக்காரரைத் திட்டுகிறார்கள். சிலர் இன்டர்நெட் நிறுவனத்தைத் திட்டுகிறார்கள். வேறு சிலர் நூறு முறை ரௌட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, "இது இப்படித்தான்" என்று பழகிவிடுகிறார்கள்.

மயிலாப்பூரில் வடக்கு மாட வீதிக்குப் பக்கத்தில் என் அக்கா வீடு இருக்கிறது. பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலை ஆறு மணிக்கு ஆறு பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாக டியூஷன் எடுக்கிறார். சென்ற நவம்பரில் போன் செய்தார். "ஏண்டா, அரையாண்டுப் பரீட்சை வருது. பாதிக் கணக்கு போடும்போது நான் காணாமப் போயிடறேன். ரெண்டு பேரு வேற டீச்சர் பாக்கறோம்னு சொல்லிட்டாங்க. இந்த மாசத்தோட நிறுத்திடலாமான்னு இருக்கு" என்றார். அத்தானோ, இந்த லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிடலாம் என்று ரிச்சி தெருவிற்குப் போகத் தயாராக இருந்தார். இன்டர்நெட் நிறுவனத்திலிருந்து மூன்று முறை ஆள் வந்து, "லைன் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அங்கே நான் கண்டுபிடித்ததைச் சொல்வதற்கு முன், குறை எங்கெங்கே இருக்கலாம் என்று பார்ப்போமா?

நான்கு இடங்கள்:

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வழங்கத் தொடங்கிய நாட்களில், டெலிபோன் லைனில் மோடத்தை மாட்டி டயல் செய்தோம். பக்கத்து அறையில் யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு போய்விடும். காரணம் கண் முன்னே இருந்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கிய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. அதன் பின்னர் வயரும் போய் வை-பி வந்தது. இப்போது காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அது கீழ்க்காணும் நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்.

1. லேப்டாப். அதில் உள்ள வை-பி அடாப்டர், அதன் டிரைவர், செட்டிங்ஸ்.

2. காற்று. லேப்டாப்பிற்கும் ரௌட்டருக்கும் இடையே உள்ள தூரம், சுவர்கள், மற்ற அலைகள்.

3. ரௌட்டர். அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

4. வெளி லைன். உங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டிய பைபர் கேபிளும் நிறுவனத்தின் கருவிகளும்.

எந்த இடத்தில் குறை இருந்தாலும் லேப்டாப்பில் நீங்கள் பார்ப்பது ஒரே காட்சிதான்: பக்கம் திறக்கவில்லை. அதனால்தான் குழப்பம். எனவே எதையும் மாற்றுவதற்கு முன் எந்த இடம் என்று கண்டுபிடியுங்கள்.

முதல் வேலை, ஒரு நோட்டு:

ஒரு பழைய நோட்டை லேப்டாப் பக்கத்தில் வையுங்கள். இணைப்பு போகும் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். மணி என்ன? எவ்வளவு நேரம் போனது? அதே நேரத்தில் மொபைல் போனில் வீட்டு வை-பி வேலை செய்ததா? ரௌட்டரில் என்ன விளக்குகள் எரிந்தன?

மொபைல் போன் சோதனையில் இரண்டு எச்சரிக்கைகள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். இல்லையேல் வை-பி போனாலும் போன் தன் சொந்த டேட்டாவிற்கு மாறிக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பது போல் காட்டும். அடுத்ததாக, போனை லேப்டாப்பின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். ஹாலில் ரௌட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவறான முடிவுக்கு வருவீர்கள். இது ஏன் என்பது அக்கா வீட்டுக் கதையில் தெரியும்.

விளக்குகள் என்ன சொல்கின்றன?

பைபர் இணைப்பு தரும் பெட்டியில் வழக்கமாக பவர், பான், லாஸ், வை-பி என்ற பெயர்களில் விளக்குகள் இருக்கும். பான் விளக்கு விட்டு விட்டு எரியாமல் நிலையாக எரிந்தால் வெளி லைன் இணைந்திருக்கிறது. லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் பைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது லேப்டாப்பில் நீங்கள் என்ன செய்தாலும் பயனில்லை. எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்து மீண்டும் எரிந்தால் ரௌட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகிறது.

இரண்டு விண்டோ சோதனை:

இது நான் அதிகம் நம்பும் சோதனை. பணம் செலவில்லை. விண்டோஸ் உள்ள எந்த லேப்டாப்பிலும் செய்யலாம்.

1. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கறுப்பு நிறத்தில் கமாண்ட் விண்டோ திறக்கும்.

2. அதில் ஐபிகான்பிக் என்ற கட்டளையைக் கொடுக்கவும். ஆங்கிலத்தில் ஐ, பி, சி, ஓ, என், எப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகள், இடையில் இடைவெளி இல்லாமல். வரும் பட்டியலில் டீபால்ட் கேட்வே என்ற வரியைத் தேடவும். எதிரே 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற எண் இருக்கும். இதுதான் உங்கள் ரௌட்டரின் முகவரி. குறித்துக் கொள்ளுங்கள்.

3. அதே பட்டியலில் ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியையும் பார்க்கவும். அது 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து லேப்டாப்பிற்கு முகவரி கிடைக்கவில்லை. தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். வை-பி இணைந்தது போல் காட்டினாலும் இன்டர்நெட் வராது.

4. இப்போது பிங் என்ற கட்டளை. பி, ஐ, என், ஜி என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, ரௌட்டரின் எண்ணைக் கொடுத்து, மீண்டும் ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் அதனை ஒட்டி டி எழுத்தும் கொடுத்து என்டர் தட்டவும். நொடிக்கு ஒரு முறை லேப்டாப் ரௌட்டரைக் கூப்பிடும். பதில் வந்தால் ரிப்ளை என்று தொடங்கும் வரி வரும். பதில் இல்லையென்றால் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் போன்ற செய்தி வரும்.

5. இன்னொரு கமாண்ட் விண்டோ திறந்து, அதே கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணுடன் கொடுக்கவும். இது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுமக்களுக்கு நடத்தி வரும் டிஎன்எஸ் சர்வரின் எண். வெளியுலகம் வரை லைன் போகிறதா என்று இது காட்டும்.

இரண்டு விண்டோக்களையும் அருகருகே வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இணைப்பு போகும் நேரத்தில் இரண்டையும் கவனியுங்கள். நிறுத்துவதற்கு கண்ட்ரோல் கீயுடன் சி எழுத்தை அழுத்தவும்.

முதல் விண்டோவில் பதில் வருகிறது, இரண்டாவதில் இல்லை என்றால், உங்கள் லேப்டாப்பும் வை-பியும் சரி. குறை பெரும்பாலும் வெளி லைனில்.

இரண்டிலும் பதில் இல்லை என்றால், குறை வீட்டிற்குள்ளே. லேப்டாப், காற்று, ரௌட்டர் மூன்றில் ஒன்று.

இரண்டிலும் பதில் வருகிறது, ஆனால் இணையப் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலையில் தடங்கல் இருக்கலாம். செட்டிங்ஸ் சென்று, நெட்வொர்க் பிரிவில் உங்கள் வை-பி இணைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டிஎன்எஸ் என்ற வரியில் எடிட் கிளிக் செய்து, மேனுவல் தேர்ந்தெடுத்து, ஐபிவி4ன் கீழ் 8.8.8.8 மற்றும் 1.1.1.1 என்ற எண்களைக் கொடுத்துப் பார்க்கவும்.

லேப்டாப்பில் குறை, தி.நகரில் பார்த்தது:

பனகல் பார்க் அருகே அடுக்கு மாடி வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறார். அவர் நோட்டில் எழுதியதைப் பார்த்தபோதே விடை தெரிந்துவிட்டது. சார்ஜரைக் கழற்றிவிட்டு சோபாவில் உட்காரும்போது மட்டும் இணைப்பு போயிருந்தது. போனில் ஒருமுறைகூடப் போகவில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த, விண்டோஸ் வை-பி அடாப்டரை அணைப்பதற்கு அனுமதி தரும் செட்டிங் ஒன்று உண்டு. அவர் லேப்டாப்பில் அது போடப்பட்டிருந்தது.

இதனை மாற்ற, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் தேர்ந்தெடுக்கவும். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்து, வயர்லெஸ் அல்லது வை-பி என்ற பெயர் உள்ள வரியில் டபுள் கிளிக் செய்யவும். பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பொருளில் இருக்கும் வரியின் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கொடுக்கவும். சில புதிய லேப்டாப்களில் இந்த டேப் இருக்காது. பயப்பட வேண்டாம், அடுத்த வழிக்குச் செல்லுங்கள்.

விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து தொல்லை தொடங்கியது என்றால், இதே பெட்டியில் டிரைவர் டேபில் ரோல் பேக் டிரைவர் பட்டனைப் பாருங்கள். அது அழுத்தும் நிலையில் இருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். இல்லையேல், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கி நிறுவவும். வேறு தளங்களிலிருந்து வேண்டாம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். அதற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது.

லேப்டாப்தான் என்று உறுதி செய்ய எளிய வழி, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைப்பது. அங்கும் அறுந்தால் குறை லேப்டாப்பில். அங்கே நன்றாக ஓடினால் லேப்டாப்பைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள்.

ரௌட்டரில் குறை, என் வீட்டிலேயே:

அடையாறில் என் வீட்டில் ஒரு மாதம் இதே தொல்லை. வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களிலும் ஒரே நேரத்தில் போகும். இரண்டு மூன்று நிமிடத்தில் வந்துவிடும். நானும் வெளி லைன் என்றே நினைத்தேன். ஒருநாள் ரௌட்டர் எதிரே உட்கார்ந்திருந்தபோது எல்லா விளக்குகளும் அணைந்து எரிந்தன. வீட்டில் மின்தடை இல்லை. அடாப்டரைத் தொட்டால் கை பொறுக்கவில்லை. பிளக்கும் லூசாக இருந்தது. புதிய அடாப்டர் மாட்டியதும் சரியாகிவிட்டது.

அடாப்டர் மாற்றும்போது வோல்ட் எண் பழையதில் உள்ளதாகவே இருக்க வேண்டும். ஆம்பியர் எண் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பிளக்கின் அளவும் பொருந்த வேண்டும். ரௌட்டரை டிவிக்குப் பின்னாலும் மூடிய அலமாரிக்குள்ளும் வைக்காதீர்கள். சென்னை வெயிலில் அதற்கும் காற்று வேண்டும்.

ரௌட்டரின் பின்னால் சிறு துளைக்குள் இருக்கும் ரீசெட் பட்டனை ஊசியால் அழுத்த வேண்டாம். நிறுவனத்தினர் போட்டுத் தந்த செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துவிடும். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு.

மயிலாப்பூரில் என்ன நடந்தது?

இப்போது அக்கா வீட்டிற்கு வருவோம். ஒரு வாரம் நோட்டு எழுதச் சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஏழு நாளில் பதினொரு முறை. அதில் மூன்று முறை ஹாலில் இருந்த அத்தானின் போனிலும் இன்டர்நெட் இல்லை. மீதி எட்டு முறை அவர் போனில் நன்றாக வந்தது. இதைப் பார்த்து அத்தான், "நான்தான் சொன்னேனே, லேப்டாப்தான் கோளாறு" என்றார்.

அன்று மாலை வகுப்பின்போது போனை லேப்டாப் பக்கத்தில் வைத்தேன். ஆறேகாலுக்கு லேப்டாப்பில் இணைப்பு போனது. பக்கத்திலிருந்த போனிலும் போனது. ஹாலுக்கு எடுத்துப் போனால் போனில் வந்தது. ஆகவே லேப்டாப் குற்றவாளி அல்ல. இரண்டு விண்டோக்களிலும் பதில் இல்லை. ரௌட்டர் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. மிஞ்சியது காற்று.

பழைய மயிலாப்பூர் வீடு. ரௌட்டர் வாசல் ஹாலில். அக்கா பாடம் எடுப்பது உள்ளறையில். நடுவே இரண்டு கனமான சுவர்கள், சமையலறை. அந்தச் சமையலறையிலிருந்து மைக்ரோவேவ் ஓவன் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அத்தான் மாலைக் காபிக்குப் பால் சுட வைத்திருந்தார். ஓவன் நின்றதும் விண்டோவில் ரிப்ளை வரிகள் ஓடத் தொடங்கின.

உறுதி செய்ய ஒரு கப் தண்ணீரை வைத்து ஓவனை ஓட விட்டேன். பதில் நின்றது. அணைத்தேன். பதில் வந்தது. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் அப்படியே.

இதற்குக் காரணம் உண்டு. வீட்டு மைக்ரோவேவ் ஓவன்கள் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கின்றன. வை-பியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைப் பயன்படுத்துகிறது. ஓவனுக்குள் பல நூறு வாட் ஓடுகிறது. ரௌட்டர் அனுப்புவதோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஓவன் கதவிலிருந்து மிகச் சிறிதளவு கசிந்தாலே, இரண்டு சுவர் தாண்டி ஏற்கெனவே மெலிந்து வரும் வை-பி அமுங்கிவிடும். ஹாலில் ரௌட்டர் பக்கத்தில் இருந்த போனுக்கு எதுவும் ஆகவில்லை. இதனால் ஓவன் கெட்டுவிட்டது என்றோ உடலுக்கு ஆபத்து என்றோ பொருள் அல்ல.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 2005ல் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று அரசு அறிவித்தது. அதனால் ஓவன் மட்டுமல்ல, ப்ளூடூத் சாதனங்கள், பக்கத்து வீடுகளின் வை-பி எல்லாம் அங்கேதான். ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் எல்லாரும் வீடு திரும்பும் மாலை நேரத்தில் இணைப்பு தடுமாற இதுவும் ஒரு காரணம். 2018ல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவு இடம் இப்படித் திறந்துவிடப்பட்டது. அங்கே நெரிசல் குறைவு. ஆனால் அந்த அலை சுவர்களைத் தாண்டுவதில் பலம் குறைந்தது.

உங்கள் லேப்டாப் எதில் இருக்கிறது என்று அறிய, செட்டிங்ஸில் வை-பி பிராப்பர்ட்டீஸைத் திறந்து நெட்வொர்க் பேண்ட் என்ற வரியைப் பார்க்கவும். ரௌட்டர் உள்ள அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணையுங்கள். அக்காவின் உள்ளறையில் அது ஒரு கோடு அளவே வந்தது. எனவே பதினைந்து மீட்டர் லேன் கேபிளை ஹாலிலிருந்து சுவரோரமாக இழுத்தோம். மெல்லிய லேப்டாப்பில் லேன் சாக்கெட் இல்லாததால் யுஎஸ்பியில் மாட்டும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கினோம். புதிய லேப்டாப் வாங்கும் செலவில் இது மிகச் சிறிய பகுதி. கேபிள் வரும்வரை அத்தான் காஸ் அடுப்பில் பால் காய்ச்சினார்.

மீதி மூன்று முறை?

போனிலும் இன்டர்நெட் போன அந்த மூன்று நாட்களும் மழை நாட்கள். மூன்று முறையும் அக்கா லாஸ் விளக்கு சிவப்பு என்று எழுதியிருந்தார். இது ஓவன் வேலை அல்ல, வெளி லைன். வெயில் அடிக்கும் நேரத்தில் வந்த ஊழியருக்கு லைன் சரியாகத்தான் தெரிந்திருக்கும்.

நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, தேதி, மணி, விளக்கின் நிறம் ஆகியவற்றுடன் புகார் பதிவு செய்தோம். அடுத்து வந்தவர் நேராக வெளிக் கம்பத்திற்குப் போனார். அங்கே இணைப்புப் பெட்டியில் தண்ணீர் புகுந்திருந்தது. கனெக்டரை மாற்றிக் கொடுத்தார். நீங்களும் புகார் தரும்போது புகார் எண்ணைத் தவறாமல் வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், டிராய் 2012ல் கொண்டு வந்த விதிகளின்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். அதற்கு அந்த எண் வேண்டும். வீட்டிற்குள் வரும் பைபரைச் சிறு வளையமாக மடிக்காதீர்கள். கழற்றி அதன் முனையைக் கண்ணால் பார்க்கவும் வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

அக்கா வீட்டில் இருந்தது ஒரு குறை அல்ல, இரண்டு. ஒன்றைப் பார்த்தவர்கள் மற்றதைப் பார்க்கவில்லை. அதனால் ஒவ்வொருவரும் மற்றவரைக் குறை சொன்னார்கள். பிரித்துக் காட்டியது ஒரு நோட்டும் பிங் கட்டளையும்தான். எனவே, இணைப்பு அறுந்தால் எல்லாம் ஒரே காரணம் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாக எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். நெட்வொர்க் ரீசெட் போன்றவற்றைக் கடைசியாக வைத்துக் கொள்ளுங்கள். சேமித்த வை-பி பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில் போய்விடும்.

டிசம்பரில் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். போக நினைத்த இருவரும் போகவில்லை. அக்கா இப்போதும் அந்த நோட்டை லேப்டாப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். கடைசியாகப் பார்த்தபோது அதில் இரண்டு வாரமாக ஒரு வரிகூட இல்லை.